மாடி அறையில் சேர்த்து வைத்தவை

அன்பு மகள் மிளகுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் உன் அம்மாவும் இங்கே இருக்கிறோம். நீயும் மாப்பிள்ளையும் உடம்பைப் பார்த்துக்கொண்டு நன்றாக இருக்க வேண்டும். பிறந்தபோது கையளவுகூட இல்லாமல், அழுகை மட்டும் தெருக்கோடி வரைக்கும் கேட்கும்படி அழுத பெண்ணுக்கு நான் வைத்த செல்லப் பெயர் மிளகு. உன் அலுவலகத்தில் எல்லோரும் உன்னை முழுப் பெயர் சொல்லி மரியாதையாகக் கூப்பிடுவார்கள் என்று எனக்குத் தெரியும். என் பேனாவுக்குத்தான் அது வரமாட்டேன் என்கிறது.

கையில் போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். போன் மணி அடித்ததும் உன் அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடுகிறாள். அவளை வைத்துக்கொண்டு அவளைப் பற்றிப் பேச எனக்கு வாய் வரவில்லை. அதனால் இது. எழுத்தில் கால், கொம்பு விட்டுப்போயிருந்தால் போட்டுப் படித்துக்கொள். பள்ளிக்கூடத்தில் நான் படித்ததைவிட டயர்க் கடையில் டயர் மேல் அச்சடித்திருப்பதைப் படித்ததுதான் அதிகம்.

முதலில் நீ சொன்ன வேலையைச் சொல்லிவிடுகிறேன். மழைக்காலத்துக்கு முன்னால் எல்லாம் வாங்கி வையுங்கள் என்று ஒவ்வொரு தடவையும் சொல்வாயே, இந்தத் தடவை வாங்கிவிட்டேன். மாடி அறையைக் காலி செய்து சுண்ணாம்பு அடித்து, சுவர் ஓரமாக அடுக்கி வைத்திருக்கிறேன். தண்ணீர்க் கேன்கள், அரிசி, சர்க்கரை, உப்பு, பால் பவுடர், பிஸ்கட், மண்ணெண்ணெய் அடுப்பு, டார்ச் லைட், அதற்கு பேட்டரி, மெழுகுவர்த்தி. தீப்பெட்டிகளை மூடி போட்ட டப்பாவில் வைத்திருக்கிறேன். பிஸ்கட்டில் எதிர்பார்த்ததைவிடச் சேதாரம் கொஞ்சம் அதிகம். எலி என்று உன் அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். அவள் என் சட்டையில் ஒட்டியிருந்த தூளைத் தட்டிவிட்டு, "எலிக்குச் சர்க்கரை வியாதி வந்துடப் போவுது, பாத்துக்கச் சொல்லுங்க" என்றாள். சில நாள் அவள் அப்படியே பழைய ஆளாக இருக்கிறாள். அதையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

நீ அனுப்பிய பார்சலும் வந்தது. ரப்பர் கையுறை, முகக்கவசம், முதலுதவிப் பெட்டி எல்லாம் பத்திரமாக இருக்கின்றன. முழங்கால் வரைக்கும் வரும் பூட்ஸை ஒரு நாள் போட்டுப் பார்த்தேன். என் தொப்பைக்குக் கீழே என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரிவதில்லையா, இடதும் வலதும் மாறிவிட்டது. உன் அம்மா பார்த்துச் சிரித்த சிரிப்பில் அவளுக்கு விக்கலே வந்துவிட்டது.

அடுத்தது லைஃப் ஜாக்கெட். உனக்கு ஞாபகம் இருக்கிறதா, நம் கடையில் லாரி ட்யூப்கள் தொங்கும். நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது வந்த வெள்ளத்தில், பெரிய ட்யூப் ஒன்றில் காற்றடித்து அதில்தான் உன்னை உட்கார வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தேன். இப்போது லாரிக்கும் ட்யூப் இல்லாத டயர் வந்துவிட்டது. எனவே பணம் கொடுத்து மிதக்கும் சட்டை வாங்கும் நிலைமை. கடைக்காரர் எத்தனை வேண்டும் என்று கேட்டார். பழக்கதோஷத்தில் மூன்று என்று சொல்லிவிட்டேன். வீட்டுக்கு வந்து பிரித்த பிறகுதான் யோசித்தேன். திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று இருக்கிறேன். இன்னும் போகவில்லை.

அந்த வெள்ளத்தை நினைத்தால் எனக்குப் பயத்தைவிட அந்த மாடிதான் முதலில் ஞாபகம் வருகிறது. மதியம் வாய்க்கால் உடைந்தது. நான் கடையில் டயர்களைக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டிருந்தேன், ஏதோ அவை கட்டளைக்குக் கட்டுப்படும் என்பதுபோல. உன் அம்மா யாரிடமும் சொல்லவில்லை. குடையை எடுத்துக்கொண்டு தெருக்கோடிப் பள்ளிக்கூடத்துக்கு நடந்தாள். அது பள்ளம், உனக்குத் தெரியும், தண்ணீர் முதலில் அங்கேதான் நிற்கும். நான் ட்யூபோடு போய்ச் சேர்ந்தபோது, அவள் மார்பளவு தண்ணீரில் உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு, குடையையும் பிடித்துக்கொண்டு வருகிறாள். ஆள் இப்படி நனைந்த பிறகு குடை எதற்கு என்று கேட்டேன். "பாப்பா தலை நனையக்கூடாது" என்றாள்.

பிறகு மாடியில் தார்ப்பாய்க்குக் கீழே மூன்று பேரும் கிடந்தோம். அடுப்பு நனைந்துவிட்டது. ஊறிப்போன ரொட்டியைச் சர்க்கரையில் தொட்டுத் தின்றோம். தண்ணீர் வடிந்து கீழே இறங்கும்போது நீ அழுதாய். இன்னும் கொஞ்ச நாள் வெள்ளம் இருக்கட்டும் என்றாய். உன் அம்மா உன் முதுகில் ஒன்று வைத்தாள். எனக்கும் ஒன்று வைக்க நினைத்திருப்பாள், ஏனென்றால் நானும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன். அடுத்த வாரமே கடையில் வரிசையாக வண்டிகள் வந்து நின்றன. அப்புறம் அப்படி நம் மூன்று பேருக்கும் சேர்ந்தாற்போல் வேலையில்லாமல் ஒரு நாள் அமையவே இல்லை, பார்.

டீ குடித்துவிட்டு வந்தேன். உன் அம்மா துணி மடிக்கிறாள். எழுதத் தோதான நேரம்.

அவளுக்கு மறதி என்று உன்னிடம் சொல்லியிருந்தேன். சாவியை எங்கோ வைத்துவிடுகிறாள், அடுப்பை அணைக்க மறந்துவிடுகிறாள் என்ற அளவில்தான் சொன்னேன். அது கூடிவிட்டது. போன மாதம் தீயணைப்பு நிலையத்துக்காரர்கள் தெருவில் ஒத்திகை வைத்தார்கள். விசில் ஊதினால் எல்லோரும் அவரவர் மாடிக்கு ஏற வேண்டும், அவ்வளவுதான். வயதில் மூத்தவர் என்று என்னைத் தெருப் பொறுப்பாளர் ஆக்கி, தலையில் ஒரு ஹெல்மெட்டையும் கவிழ்த்துவிட்டார்கள். பதவி கிடைத்த மிதப்பில், எல்லோருக்கும் செய்து காட்டுகிறேன் என்று நம் லைஃப் ஜாக்கெட்டை எடுத்து மாட்டினேன். மாட்டியது மாட்டியதுதான். கொக்கி கழல மறுத்துவிட்டது. தெருவே சுற்றி நின்று ஆளுக்கொரு யோசனை சொன்னது. மருந்துக்கடைக்காரர், "அண்ணே, இன்னைக்கு அதோடயே குளிச்சிடுங்க, எப்படியும் முங்க மாட்டீங்க" என்றார். நானும் சேர்ந்துதான் சிரித்தேன். தீயணைப்புக்காரர் ஒருவர் வந்து கழற்றிவிட்டபோது திரும்பிப் பார்த்தேன். உன் அம்மா இல்லை. ஆணியில் குடையும் இல்லை.

மாடியில் தேடினேன், கொல்லையில் தேடினேன். பிறகு எனக்கே புரிந்து பள்ளிக்கூடத்துக்கு ஓடினேன். பள்ளிக்கூடம் இப்போது மரச்சாமான் கிடங்கு. வாசலில் காவல்காரர் தன் ஸ்டூலை அவளுக்குக் கொடுத்துவிட்டு நின்றுகொண்டிருந்தார். மணி அடித்துவிட்டார்களா என்று அவரிடம் கேட்டிருக்கிறாள். இன்னும் இல்லை, உட்காருங்கம்மா என்று சொல்லியிருக்கிறார். நல்ல மனிதர். அவள் மடக்கிய குடையை மடியில் வைத்துக்கொண்டு, என்னைப் பார்த்ததும், "இவ்வளவு நேரமா? டயரைக் கட்டிக்கிட்டு இருந்தீங்களாக்கும்" என்றாள்.

டீச்சர் பிள்ளைகளை முன்கூட்டியே விட்டுவிட்டார், பாப்பா வீட்டுக்கு வந்துவிட்டது என்று சொல்லிக் கூட்டி வந்தேன். வந்தவள் ஒவ்வொரு அறையாகப் போய்ப் பார்த்தாள். கட்டிலுக்குக் கீழேயும் குனிந்து பார்த்தாள். பிறகு டீயைக் குடித்தாள், மறந்துவிட்டாள். அவள் குனிந்து பார்த்ததை என்னால் மறக்க முடியவில்லை.

அன்றிலிருந்து மழை கொஞ்சம் வலுத்தாலே குடையை எடுக்கிறாள். ஒரு தடவை கதவைத் தாழிட்டுப் பூட்டினேன். அவள் சண்டை போடவில்லை. தாழ்ப்பாளைப் பிடித்துக்கொண்டு நின்று, "புள்ளை அங்க நனையுது, உங்களுக்கு எப்படிங்க மனசு வருது" என்று கேட்டாள். நான் பூட்டைத் திறந்துவிட்டு, அவளோடு தெருக்கோடி வரைக்கும் நடந்து போய்த் திரும்பி வந்தேன். தூறல் என்றால் நடக்கலாம். நிஜமாகவே வாய்க்கால் உடைந்தால் அவள் தண்ணீரை நோக்கி நடப்பாள். அவளைத் தூக்கிக்கொண்டு மாடி ஏற எனக்கு இப்போது முழங்கால் இல்லை. மாடியில் ஒரு மாதத்துக்குச் சாமான் இருக்கிறது, மிளகு. அவளை மாடிக்கு ஏற்றத்தான் ஒன்றும் இல்லை.

அதற்காகத்தான் ஒரு ஒலிபெருக்கி வாங்கினேன். காய்கறி வண்டிக்காரர்கள் வைத்திருப்பார்களே, ஒரு தடவை பேசிப் பதிந்துவிட்டால் அதுவே திரும்பத் திரும்பக் கத்தும், அது. பேட்டரியில் ஓடும். கரண்ட் போனாலும், அந்த வெள்ளத்தில் போனதுபோல போன் போனாலும், இது கத்தும். பழைய சரக்கு என்பதால் உள்ளே யாரோ ஒருவர் ஏற்கெனவே தக்காளி, வெங்காயம் விற்றுக்கொண்டிருந்தார். அவரை அழித்துவிட்டு நான் பேசிப் பதிந்தேன். "பாப்பா மாடியில இருக்கு, மேல வா" என்று சொல்லி, மாடியில் வைத்து ஓடவிட்டேன். உன் அம்மா முற்றத்தில் நின்று கேட்டுவிட்டு, "கத்தாதீங்க, எனக்குக் காது கேக்குது. தக்காளி வாங்கியாச்சா?" என்றாள். என் பேச்சுக்கு இந்த வீட்டில் என்றைக்கு மதிப்பு இருந்தது?

பிறகு மருந்துக்கடைக்காரரின் மகளைக் கூப்பிட்டுப் பேசச் சொன்னேன். தங்கமான பிள்ளை, "அம்மா, மேல வாம்மா" என்று உருக்கமாகவே பேசியது. உன் அம்மா படியில் ஒரு கால் வைத்தாள். வைத்த காலை எடுத்துவிட்டாள். "பாவம், யாரு வீட்டுப் புள்ளையோ, அம்மாவத் தேடுது. போய் என்னன்னு பாருங்க" என்று என்னை அனுப்பிவிட்டு, அவள் குடையைத் தேடப் போனாள்.

நீ வீடியோவில் வந்தால், இந்த அம்மா யார், உங்கள் தங்கச்சி சாயலாக இருக்கிறதே என்று என்னிடம் கிசுகிசுக்கிறாள். இதை உன்னிடம் நான் சொன்னதில்லை. ஆனால் போன வாரம் நீ முகம் தெரியாமல் வெறும் போனில் பேசும்போது, "அம்மா, தலைய நல்லாத் துவட்டும்மா" என்றாய் இல்லையா? போனைக் கீழே வைத்ததும் துண்டை எடுத்துத் துவட்டினாள். ஈரமே இல்லாத தலையை. அவளைப் பொறுத்தவரை உன் முகத்துக்குத்தான் வயதாகிவிட்டது, குரலுக்கு ஆகவில்லை போலிருக்கிறது.

அதனால் உன்னிடம் ஒன்று கேட்கிறேன். உன் குரலில் பேசி, போனில் எனக்கு அனுப்பு. மருந்துக்கடைக்காரர் அதை ஒலிபெருக்கியில் ஏற்றித் தருகிறேன் என்றிருக்கிறார். நீளமாக எதுவும் வேண்டாம். "அம்மா, நான் மாடிக்கு வந்துட்டேன். என் தலை நனையல. நீ மேல வா." இவ்வளவு போதும். சின்னப் பிள்ளைபோல நடிக்க வேண்டாம், நீ பேசுவதுபோலவே பேசு. அழாமல் பேசு. குரல் கொஞ்சம் கரகரத்தாலும் உனக்குக் காய்ச்சல் என்று நினைத்துக்கொள்வாள், அப்புறம் குடையைப் பிடுங்க என்னால் ஆகாது.

அம்மாவிடம் பொய் சொல்லச் சொல்கிறாரே அப்பா என்று உனக்கு உறுத்தலாம். எனக்கும் உறுத்துகிறது. உன் வேலை எப்படிப்பட்டது, லீவு கிடைப்பது எவ்வளவு கஷ்டம் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். அதைப் பற்றி நான் ஒன்றும் எழுதவில்லை.

மாடி அறை இப்போது நன்றாகத்தான் இருக்கிறது. ஜன்னலுக்கு வலை போட்டுவிட்டேன், மின்விசிறி ஓடுகிறது. கடைக்காரர் தலையணையை ஜோடியாகத்தான் தருவேன் என்றதால் ஒன்றிரண்டு உபரியாகக் கிடக்கின்றன. மூன்றாவது லைஃப் ஜாக்கெட்டைத் திருப்பிக் கொடுக்கலாமா என்று இன்னும் யோசனைதான். உன் அளவுக்குச் சரியாக இருக்கும் என்று தோன்றுகிறது. போட்டுப் பார்த்தால்தானே தெரியும்.

மழைக்கு இன்னும் நாள் இருக்கிறது. நீ எங்கே இருந்தாலும் தலை நனையாமல் இரு, அம்மா. உன் அம்மா ஆசைப்படும் அளவுக்கு நீ நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் அம்மாவின் பக்கத்திலேயே இருக்கும்
அப்பா