சுழிபுரம் என்று சொல்லிவிட்டேன்

உ
சிவமயம்

யூனிட் இரண்டு,
வவுனிக்குளம்,
துணுக்காய்.
22.12.65

அன்புள்ள மகன் கனகலிங்கத்துக்கு ஐயா எழுதிக்கொள்வது. பிள்ளையார் புண்ணியத்தில் நான், அம்மா, அக்கா விமலேஸ்வரி மூவரும் நோய்நொடி இல்லாமல் நடமாடுகிறோம். நீயும் அந்த மாத்தறையில் காய்ச்சல் தடிமன் வராமல், வேளைக்குச் சாப்பிட்டு, கடலில் குளிக்கப் போகிற கூட்டத்தோடு சேராமல் இருக்க வேண்டும் என்று அம்மா விளக்கு வைக்கும்போதெல்லாம் நேர்ந்துகொள்கிறார். உடம்பு சுகம் என்று எழுதிவிட்டேன், மனம் சுகம் என்று எழுதக் கை வரவில்லை, காரணத்தைக் கீழே எழுதுகிறேன், வேலை செய்கிற கந்தோரில் வைத்து வாசிக்காமல் அறைக்குப் போய் ஆறுதலாக வாசி, பதறாதே.

மழை இன்னும் விட்டபாடில்லை. குளம் நிரம்பி வான் பாய்கிறது, வாய்க்கால் கரை இரண்டு இடத்தில் அரித்துவிட்டது. பயிர் கதிர் வரப்போகிற குடலைப் பருவம், இந்த நேரம் வெள்ளம் தேங்கி நின்றால் உள்ளதும் போய்விடும் என்று நான் மண்வெட்டியோடு வயலுக்கும் வீட்டுக்கும் அலைகிறேன். யானை வேறு மேற்குப் பக்கம் இறங்கியிருக்கிறது, சின்னராசாவின் குடிலைப் பிரித்துப் போட்டுவிட்டது, ஆளுக்கு ஒன்றுமில்லை. உன் தங்கச்சி ஜெகதீஸ்வரியை மண்ணுக்குள் வைத்த இடத்துக்குக் கிட்ட வெள்ளம் ஏறுகிறது என்று கேட்டதும் அம்மா மழைக்குள் போய் அதைச் சுற்றி மண் அணைத்துவிட்டு வந்தார். நனைந்தால் இருமல் வருமே என்று ஏசினேன், நான் ஏசி எப்போது கேட்டிருக்கிறார். நாங்கள் இங்கே வந்த இரண்டாம் மாரியில் காய்ச்சலில் போன பிள்ளை, இருந்திருந்தால் இப்போது பள்ளிக்கூடம் போகிற வயது. அதை விடு.

சங்கதி இதுதான். போன கிழமை கொழும்பிலிருந்து ஒரு காணி உத்தியோகத்தர் ஜீப்பில் வந்தார். நல்ல மனுஷர், தேத்தண்ணி கொடுக்க மறுக்காமல் வாங்கிக் குடித்தார். தமிழ் தெரியாது, அதனால் ஓவசியர் ஐயாத்துரை கூடவே வந்து இரண்டு பக்கமும் மொழிபெயர்த்துக்கொண்டு நின்றார். மேட்டுக் காணியைச் சுற்றிப் பார்த்தார். மற்றவர்களுடைய வீட்டு வளவில் தென்னை வைத்திருக்கிறார்கள், பலா வைத்திருக்கிறார்கள், எங்கள் வளவில் மிளகாய்க் கன்றும் கிடுகு வேய்ந்த மண்வீடும்தானே. பிறகு என் பக்கம் திரும்பி, கம கொஹேத என்று கேட்டார். உன்னுடைய கந்தோரில் புதிதாக யார் வந்தாலும் பேருக்கு அடுத்த கேள்வி இதுதான் என்றும், கம என்றால் சிங்களத்தில் ஊர் என்றும் நீ போன கடிதத்தில் எழுதியிருந்தாயே. ஒரு சொல்லாவது எனக்கு விளங்கிவிட்டது என்ற சந்தோஷப் புளுகம் தாங்க முடியவில்லை. ஐயாத்துரை வாயைத் திறக்க முந்தி நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சுழிபுரம் என்று சொல்லிவிட்டேன். அவர் புருவத்தை உயர்த்தினார், எதையோ எழுதினார், போய்விட்டார். ஜீப் போன பிறகு ஐயாத்துரை தலையில் கை வைத்தார். "அண்ணை, உங்களை ஆர் வாய் திறக்கச் சொன்னது? ஊர் சுழிபுரம் எண்டால் இந்தாளுக்கு இஞ்ச என்னத்துக்குக் காணி எண்டெல்லோ கேட்டிட்டுப் போறார்" என்றார். அந்தக் கொழும்பு மனுஷர் போன ஆடியிலும் ஒருமுறை வந்து பூட்டின வீட்டைப் பார்த்துவிட்டுப் போனாராம். அந்த நேரம் நாங்கள் கோயில் திருவிழாவுக்கென்று சுழிபுரத்தில் நின்றோம். தவளை தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்.

இப்போது கடிதம் வந்துவிட்டது. பொங்கல் கழிந்த கிழமை விசாரணை, நானும் அம்மாவும் வர வேண்டும், இருவரையும் தனித்தனியாகக் கேட்பார்களாம். நிரந்தரமாகக் குடியிருக்கவில்லை என்று தீர்மானித்தால் அரசாங்கம் காணிக்குத் தந்த பெர்மிட்டை ரத்துச் செய்து வயலையும் வளவையும் வேறு ஒருவருக்குக் கொடுத்துவிடுவார்கள். அப்படி நடந்தால் எங்கே போவது தம்பி? சுழிபுரத்தில் எங்களுக்கு இருப்பது கிணற்றில் ஒரு பங்கும் ஆடு கட்டப் போதாத ஒரு துண்டுக் காணியும். அக்காவின் கலியாணப் பேச்சும் இந்த வயலை நம்பித்தான் நடக்கிறது. எனக்குச் சோறு இறங்குகிறதில்லை, படுத்தால் நித்திரை இல்லை, அந்த மனுஷர் எழுதின பேனாதான் கண்ணுக்குள் நிற்கிறது.

நெல் ஏற்ற லொறியோடு வந்த வவுனியா ஜெமீல் நானாவிடம் இதைச் சொல்லி அழாக்குறையாகக் கேட்டேன். அவர் மதவாச்சிப் பக்கம் வியாபாரம் செய்து சிங்களம் தண்ணீராகப் பேசுகிறவர். வயிறு குலுங்கச் சிரித்துவிட்டுப் பிறகு சொன்னார். நாங்கள் கமம் என்றால் வயல், வரம்பு, முதுகு முறிய உழைக்கிற இடம். அவர்கள் கம என்றால் பிறந்து வளர்ந்த இடம், வருஷப் பிறப்புக்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற இடம். அதே கொழும்பில் ஒருவனைக் கமயா என்றால் பட்டிக்காட்டான் என்று பகிடி பண்ணுகிறதாம். இந்தச் சின்னச் சொல்லுக்கு இத்தனை முகம். "அவர் உங்கட கமத்தில நிண்டுகொண்டு உங்கட கம எங்க எண்டு கேட்டிருக்கிறார், நீங்களும் உண்மையத்தானே சொல்லியிருக்கிறீங்க" என்றார். வில்லங்கம் அதிலேதான் மகன். பொய் சொல்லி அகப்பட்டிருந்தால் ஒரு மன்னிப்புக் கேட்டுத் தப்பலாம், உண்மையைச் சொல்லி அகப்பட்டவன் எதை மாற்றிச் சொல்வது? நாலு பேருக்கு என்னைச் சுழிபுரத்துச் சிற்றம்பலம் என்றால்தான் தெரியும். இங்கே வந்த நாள் தொட்டு, கமத்துக்கு வந்திருக்கிறேன், ஊருக்குப் போகிறேன் என்றுதானே நாங்கள் எல்லோரும் கதைக்கிறோம். தென்னை வைக்கச் சொல்லி அக்கா எத்தனை தரம் கேட்டாள், மரம் வைக்கிறதென்றால் ஊரில் வைப்போம் என்று நான்தான் தட்டிக் கழித்தேன். இப்போது ஓடிப்போய்ப் பத்துத் தென்னம்பிள்ளை வாங்கி நட்டிருக்கிறேன், கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று சின்னராசா வேலிக்கு அங்கால் நின்று சிரிக்கிறான்.

ஜெமீல் நானா எனக்கு ஒரு வசனம் சொல்லித் தந்தார். மகே கம மேக்க. என்னுடைய ஊர் இதுதான் என்று அர்த்தமாம். நான் அதை மாட்டுக்குச் சொல்லிப் பார்த்தேன், வரம்பில் நடக்கும்போது சொல்லிப் பார்த்தேன், வாய்க்கு வருகிறது. அம்மாவுக்குப் பழக்குகிறதுதான் பெரும்பாடு. நான் கதிரையில் உத்தியோகத்தர் மாதிரி இருந்துகொண்டு கம கொஹேத என்று கேட்க, குசினி வாசலில் அகப்பையோடு நின்று சுழிபுரம் என்கிறார். முதலில் அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். நான் கோபத்தில் அகப்பையைப் பறித்துவிட்டேன், அப்படிச் செய்திருக்கக் கூடாது. "பிறந்த ஊரை இல்லையெண்டு சொன்னால் நாக்கு அழுகிப் போகும், காணி போனால் போகட்டும், நான் பொய் சொல்லமாட்டன்" என்று சொல்லிவிட்டு அம்மா அகப்பையைத் திரும்ப வாங்கிக்கொண்டு போய்விட்டார். உன் அம்மாவின் பிடிவாதம் உனக்குத் தெரியாததா, உனக்கும் அதுதானே வந்திருக்கிறது. தனியாகக் கூப்பிட்டுக் கேட்கும்போது இவர் சுழிபுரம் என்று சொன்னால் நான் எத்தனை மகே கம சொல்லியும் பிரயோசனமில்லை.

நேற்று மத்தியானம் மழை கொஞ்சம் வெளித்தது. அம்மா மறுபடியும் வாய்க்கால் பக்கம் போய் தான் அணைத்த மண் நிற்கிறதா என்று பார்த்துவிட்டு வந்து, முற்றத்தில் சேற்றுக் கையைக் கழுவிக்கொண்டு நின்றார். நான் விடாக்கண்டனாக மறுபடியும், கம கொஹேத என்றேன். ஏசப் போகிறார் என்றுதான் நினைத்தேன். நிமிர்ந்து பார்க்காமலே, "சுழிபுரம் நான் பிறந்த ஊர், அதை மாத்திச் சொல்லமாட்டன். ஆனா பிள்ளையைத் தாட்ட இடத்தை விட்டிட்டு ஆரும் போவினமோ? அந்த மனுசனிட்டை அதைச் சொல்லுங்கோ, அவருக்கும் பிள்ளையள் இருக்கும்" என்றார். பிறகு செம்பை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். நான் மாடு அவிழ்ந்துவிட்டது என்று சொல்லிக்கொண்டு கொட்டில் பக்கம் போனேன். இத்தனை நாளும் வவுனிக்குளத்தை நான் வயலாகத்தான் பார்த்தேன் மகன். அவர் அப்படிப் பார்க்கவில்லை. எனக்குத்தான் தெரியாமல் இருந்திருக்கிறது.

ஆகையால் உனக்கு ஒரு வேலை. லீவு கிடைத்தால் விசாரணைக்கு முதல் நாள் வந்து சேர், பகல் ரயிலில் வா, மாங்குளத்தில் இறங்கு, வழியில் யாரோடும் வாக்குவாதம் வேண்டாம், இப்போது காலம் சரியில்லை. சோதனைக்குப் படிக்கிற நேரம் லீவு தரமாட்டார்கள் என்றால் வராதே, சிங்களச் சோதனை பாஸ் பண்ணாவிட்டால் உன் வேலைக்கும் ஆபத்து என்பது எனக்குத் தெரியும். ஆனால் பதிலை மட்டும் பிந்தாமல் போடு. ஜெமீல் நானாவின் வசனம் எனக்குப் போதும், அம்மாவுக்குப் போதாது. எங்கள் பிள்ளையைத் தாட்ட இடம் இது, இதை விட்டுப் போகமாட்டோம் என்பதைச் சிங்களத்தில் எப்படிச் சொல்கிறது என்று உன் கந்தோரில் நல்ல மனமுள்ள ஒருவரிடம் கேட்டு, தமிழ் எழுத்தில், பெரிதாக, அம்மா எழுத்துக்கூட்டி வாசிக்கக்கூடியதாக எழுதி அனுப்பு. அதை ஐயாத்துரை சொல்ல வேண்டாம், நானும் சொல்ல வேண்டாம், அம்மாவே தன் வாயால் சொல்லட்டும்.

தலைக்கு எண்ணெய் வைத்து முழுகு. ஈரத் துணியோடு நிற்காதே. பிள்ளையார் உனக்கு நல்ல புத்தியும் நீண்ட ஆயுளும் தரட்டும், அம்மாவும் அக்காவும் உன்னை ஆசீர்வதிக்கிறார்கள். பதில் தபாலை மறந்துவிடாதே.

இப்படிக்கு
உன் ஐயா,
வவுனிக்குளம் க. சிற்றம்பலம்