டிரங்குப்பெட்டிப் படத்தின் முன்பாதி

இன்று மதியம் தொலைக்காட்சியைப் போட்டதும் முதலில் வந்து நின்றது நம்முடைய டிரங்குப்பெட்டிப் படம்தான். படத்துக்குக் கீழே ஒரு சிவப்புக் கோடு இருக்குமே, அது இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் நிறைந்து கிடந்தது. படம் முழுவதையும் நாம் பார்த்து முடித்துவிட்டோம் என்று அது நினைத்துக்கொண்டிருக்கிறது. பின்பாதியை மட்டும்தான் பார்த்தோம், முன்பாதி பாக்கி என்று அதற்கு யார் போய்ச் சொல்வது? நீங்கள் இருந்தால் ரிமோட்டை அதன் மூஞ்சிக்கு நேரே ஆட்டி ஆட்டி விளக்கம் சொல்லியிருப்பீர்கள்.

நீங்கள் போய் மூன்று மாதம் ஆகிறது. வாய்விட்டு உங்களோடு பேசினால் மகள் பயந்துபோய் லோபாக்கில் இருக்கிற தன் வீட்டிலிருந்து காரை எடுத்துக்கொண்டு ஓடி வருகிறாள். அதனால்தான் எழுதுகிறேன். எனக்கு எல்லாம் குழம்பிக் கிடக்கிறது. கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போல என்பார்களே, அப்படி. முதலிலிருந்து சொல்லிப் பார்க்கிறேன். எங்காவது தப்பாகச் சொன்னால் வழக்கம்போல் குறுக்கே வந்து திருத்துங்கள்.

நாம் பிறந்து வளர்ந்த ரப்பர் தோட்டத்துக்கு மாதம் ஒரு படம் வரும். தோட்டம் ஒன்று, டிவிசன் இரண்டு. நீங்கள் மேல் டிவிசன், நான் கீழ் டிவிசன். சிரம்பானிலிருந்து வருகிற படப்பெட்டியோ ஒன்றே ஒன்று. விடிவதற்கு முன்னே எல்லோரும் பெரட்டுக்குப் போய் வரிசையில் நின்று பேர் கொடுக்க வேண்டும் என்பதால், படம் இரண்டு டிவிசனிலும் ஏழு மணிக்கே தொடங்கிவிட வேண்டும் என்பது துரையின் உத்தரவு. ஒரு படத்தை ஒரே நேரத்தில் இரண்டு திடலில் எப்படிக் காட்டுவது? படக்காரர்கள் அதற்கு ஒரு வழி வைத்திருந்தார்கள். பங்களாவும் ஆபீசும் இருக்கிற மேல் டிவிசனுக்கு முன்பாதி. எங்களுக்குப் பின்பாதி. இடைவேளையில், ஆள்களை மேய்க்கிற மண்டோரின் மகன் மோட்டார் சைக்கிளில் ரீல் பெட்டியைக் கட்டிக்கொண்டு செம்மண் சாலையில் போய் மாற்றிக்கொண்டு வருவார். பிறகு உங்களுக்குப் பின்பாதி, எங்களுக்கு முன்பாதி. தலை எப்போதும் உங்களுக்கு, வால் எப்போதும் எங்களுக்கு.

படம் என்றால் அப்படித்தான் இருக்கும் என்று நான் நினைத்திருந்தேன். முதலில் ஒருவர் செத்துப்போவார், எல்லோரும் அழுவார்கள், வணக்கம் போடுவார்கள். அப்புறம் மோட்டார் வரும். செத்தவர் சின்னப் பையனாகத் திரும்பி வந்து, வளர்ந்து, பாட்டுப் பாடி, கல்யாணம் செய்துகொள்வார். சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போவோம். எதிர்வீட்டு மாமா இறந்தபோது, தூக்கிக்கொண்டு போகிறவர்களைப் பார்த்து "மிச்சம் எப்ப வரும்?" என்று நான் கேட்டேனாம். அம்மா முதுகில் ஒன்று வைத்தார். இதை உங்களிடம் சொன்னபோது விழுந்து விழுந்து சிரித்தீர்கள். "அதான் நீ எல்லாத்தையும் தலகீழா யோசிக்கிற" என்றீர்கள். முப்பத்தெட்டு வருடம் அந்த ஒரு வசனத்தை வைத்தே என்னோடு குடும்பம் நடத்தினீர்கள்.

மழை வந்தால் மோட்டார் வராது. செம்மண் சாலை சேறாகிவிடும். அன்றைக்கு உங்கள் டிவிசன் பாதிப் படத்தோடு எழுந்து போகும், எங்கள் டிவிசன் மறு பாதியோடு எழுந்து போகும். கல்யாணமான புதிதில் நாம் இதைக் கண்டுபிடித்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. நீங்கள் ஏதோ ஒரு படத்தைச் சொல்லிக்கொண்டே வந்து, "அதுக்கப்புறம் மழ வந்துருச்சு" என்று நிறுத்தினீர்கள். மீதியை நான் சொன்னேன். உங்கள் வாய் திறந்தது திறந்தபடி இருந்தது. இரண்டு பேரையும் ஒட்டினால் ஒரு முழுப் படம் வருகிறது! அன்று மட்டும் ஏழு படங்களை ஒட்டினோம்; உலையில் வைத்த சோறு அடி பிடித்துவிட்டது.

வேலை ஓய்வுக்குப் பிறகு மகளின் பழைய பள்ளி நோட்டில் நீங்கள் எழுதிய பட்டியல் அப்படி வந்ததுதான். "பார்த்தே தீர வேண்டிய படங்கள்" என்று மேலே கோடு வேறு போட்டிருந்தீர்கள். ஊரில் மற்றவர்கள் உலகத்தின் சிறந்த படங்களைப் பட்டியல் போடுவார்கள். நம்முடையது மழையில் பாதியாய்ப் போன இருபத்தொரு படங்கள். பாதிக்கு மேல் பெயர்கூடத் தெரியாது. கிணற்றுப் படம், ஒற்றைச் செருப்புப் படம், டிரங்குப்பெட்டிப் படம் என்று நாமே வைத்த பெயர்கள். பழைய படங்கள் பிடித்தவர்களின் வாட்ஸ்அப் குழு ஒன்றில் சேர்ந்து, கதையைச் சொல்லிச் சொல்லி ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்தீர்கள். ஞாயிறு மதியம் சாப்பாடு முடிந்து மூன்று மணிக்கு நம் ரஹாங் வீட்டின் முன்னறை கொட்டகையாகிவிடும். ஓய்வுக்குப் பிறகும் செண்டாயான் தொழிற்சாலையில் ஜாகா வேலைக்குப் போய் ஆறு நாள் வாசலைக் காத்த நீங்கள், ஏழாம் நாள் வீட்டு வாசலைச் சாத்திவிட்டு உட்காருவீர்கள். பக்கத்து வீட்டுக்காரி கூப்பிட்டாலும் திறக்கக் கூடாது.

ஒரு விதியும் வைத்திருந்தீர்கள். எந்தப் படமானாலும் எழுத்துப் போடுவதிலிருந்து பார்க்க வேண்டும். "தொடக்கத்துலேர்ந்து பாக்காத படம் படமே இல்லலா." இருபது படத்தை அப்படியே பார்த்தோம். கடைசியாக டிரங்குப்பெட்டிப் படம் வந்தபோது நான் முறுக்கிக்கொண்டேன். ஒரு தடவையாவது எங்கள் டிவிசன் மாதிரி பார்ப்போம், பின்பாதி இந்த வாரம், முன்பாதி அடுத்த வாரம் என்றேன். நீங்கள் சண்டைக்கு வருவீர்கள் என்று பதிலெல்லாம் தயாராக வைத்திருந்தேன். நீங்களோ, "சரி புள்ள, ஒன் டிவிசன் மாதிரியே பாப்போம்" என்றீர்கள். அவ்வளவுதான். ஒரு குழம்பில் உப்புக் குறைந்தாலே அரை மணி நேரம் வாதாடுகிற மனிதர்.

ஞாயிற்றுக்கிழமை பின்பாதியைப் பார்த்தோம். வியாழக்கிழமை நீங்கள் போய்விட்டீர்கள்.

இப்போது என் குழப்பத்தைச் சொல்கிறேன். அந்தப் படத்தில் நீங்கள் சின்ன வயதில் பார்க்காமல் விட்டது பின்பாதி. நான் பார்க்காமல் விட்டது முன்பாதி. உங்களுடைய பாதியைப் பார்த்துவிட்டு நீங்கள் எழுந்து போய்விட்டீர்கள், என்னுடையது அப்படியே கிடக்கிறது. அவ்வளவு சீக்கிரம் சரி என்றது எனக்காகவா, இல்லை உங்களுக்கு நேரமில்லை என்று தெரிந்தா? முந்தின வாரம் என்னை விட்டுவிட்டுத் தனியாகக் கிளினிக்குக்குப் போய் வந்தீர்கள். கேட்டதற்கு, "காத்துதான்லா, பாசார்ல வாங்குன மொச்சக்கொட்ட" என்றீர்கள். அந்த மொச்சைக்கொட்டையை நானும்தான் தின்றேன். ஒரு நாள் உங்களை நினைத்து உருகுகிறேன், மறுநாள் தன் பாதியை மட்டும் பார்த்துக்கொண்ட சுயநலக்காரர் என்று சுவரில் மாட்டிய உங்கள் படத்துக்குப் பூப் போடாமல் விட்டுவிடுகிறேன். இரண்டும் நிஜம்தான். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

மகள் விடவில்லை. "அம்மா, ஒரு பாதிதானம்மா. பாத்து முடிச்சிருங்கலா. அப்பாவோட லிஸ்ட்ட அப்படியே தொங்க விடாதிங்க" என்று வாராவாரம் சொன்னாள். பாதிக் கிணறு தாண்டி நிற்கிறேன் என்று எனக்கும் தெரியும். ஆனால் பயம். அந்த முன்பாதியை நான் பார்த்ததில்லையே தவிர, நீங்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். பின்பாதியில் புருஷன் பல வருடம் கழித்து நரைத்த தாடியோடு வெளியூரிலிருந்து திரும்பி வருகிறான். மனைவி அவனோடு பேசுவதே இல்லை. சோற்றை வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போய்விடுகிறாள். அவளுக்கு என்ன இவ்வளவு கோபம் என்று அந்தக் காலத்தில் உங்களைக் கேட்டேன். "அவன் விடியக்காலையில டிரங்குப்பெட்டியத் தூக்கிக்கிட்டு, அவகிட்ட சொல்லாமலே போயிட்டான். அதான்" என்றீர்கள். அதுதான் எனக்கு முன்பாதி. படம் வேறு மாதிரி இருந்துவிட்டால், உங்கள் வாயிலிருந்து வந்த கதை பொய்யாகிவிடும். உங்களுடையது என்று என்னிடம் மிச்சமிருப்பதில் ஒன்று குறைந்துபோகும்.

உங்கள் சாவுக்கு வந்தவர்களிடமெல்லாம் நானும் அந்த வசனத்தையே சொன்னேன். "ஒரு வார்த்த சொல்லாமப் போயிட்டாரு." கோயில் தலைவரிடம் சொன்னேன். உங்களோடு வேலை பார்த்த ஜாகாக்களிடம் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கு அழுகை வந்தது, அவர்களும் அழுதார்கள்.

சிவப்புக் கோட்டைப் பார்த்துக்கொண்டு எவ்வளவு நேரம்தான் உட்கார்ந்திருப்பது? இன்று ஞாயிறு, மணியும் மூன்று. கதவைச் சாத்திவிட்டு, கோட்டைத் தொடக்கத்துக்கு இழுத்தேன். எழுத்துப் போட்டார்கள். முதல் தடவையாக அந்தப் படத்தின் பெயரைத் திரையில் பார்த்தேன்.

நீங்கள் சொன்னது போல் இல்லைங்க.

அவன் சொல்லாமல் போகவில்லை. மூன்று தடவை சொல்கிறான். அடுப்படியில் வந்து நின்று, மனசு சரியில்லை, இந்தப் பயணம் வேண்டாம் போலிருக்கிறது என்கிறான். கிணற்றடிக்கு வந்து சொல்கிறான். வாசலில் நின்று சொல்கிறான். அவள்தான் சிரித்துக்கொண்டே, போய்ச் சேருங்கள், எல்லாம் சரியாகிவிடும் என்று டிரங்குப்பெட்டியைத் தன் கையாலேயே அடுக்கிக் கொடுத்து வண்டியேற்றி விடுகிறாள். பின்பாதியில் அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டது கோபத்தில் இல்லை. அவனைப் பார்க்க அவளுக்கு முகமில்லை. அதே முகம், அதே நடை, நான் சின்னப் பிள்ளையிலிருந்து அதைக் கோபம் என்றே பார்த்திருக்கிறேன்.

படத்தை அங்கேயே நிறுத்தினேன்.

அந்த வியாழக்கிழமை காலையில் நீங்கள் யூனிபார்ம் போட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்து சப்பாத்துக் கயிற்றைக் கட்டினீர்கள். ஒரு காலைக் கட்டிவிட்டு மறு காலைக் கட்டாமல் இருந்தீர்கள். "இன்னிக்கி என்னமோ ஒரு மாதிரியா இருக்கு புள்ள. லீவு போட்டுறவா?" என்றீர்கள். நான் உங்கள் சாப்பாட்டுக் கிண்ணத்தை மூடிக்கொண்டே, திரும்பிக்கூடப் பார்க்காமல், "அடுத்த வாரம் கோயில் திருவிழாவுக்கு லீவு வேணுமில்ல? போயிட்டு வாங்க, சரியாப் போயிரும்" என்றேன். நீங்கள் "செரி" என்று மறு காலையும் கட்டிக்கொண்டு போனீர்கள். பதினோரு மணிக்குத் தொழிற்சாலையிலிருந்து போன் வந்தது.

இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. மகளிடம்கூடச் சொல்லவில்லை. சொல்லாமல் போயிட்டாரு என்று ஊருக்கெல்லாம் சொல்லிச் சொல்லி எனக்கே அது நிஜம் போல் ஆகிவிட்டது.

அப்புறம் மீதியையும் ஓட்டினேன். அவன் வண்டியில் போகிறான், அவள் கையாட்டுகிறாள், இடைவேளை என்று போட்டார்கள். நிறுத்திவிட்டேன். அதற்கு மேலே உள்ளதை நாம் சேர்ந்தே பார்த்துவிட்டோம்.

நீங்கள் ஏன் எனக்கு மாற்றிச் சொன்னீர்கள்? மேல் டிவிசன் திடலில் ஜெனரேட்டர் போட்ட சத்தத்தில் வசனம் காதில் விழவில்லையா? பதினைந்து வயதில் பார்த்ததை மறந்துவிட்டீர்களா? இல்லை, அவளுக்கு என்ன கோபம் என்று நான் கேட்டதால், கோபத்துக்குப் பொருத்தமாக ஒரு காரணம் செய்து கொடுத்தீர்களா? கேட்டவர் மனசு நோகாமல் பதில் சொல்கிற ஆள்தான் நீங்கள். எப்படிச் சேர்த்துப் பார்த்தாலும் ஒட்டவில்லை. ஒட்டிக் கொடுக்க மறு பாதி ஆளும் இல்லை.

ஆனால் ஒன்றை மட்டும் மறக்க முடியவில்லை. அந்த ஞாயிறு பின்பாதி முடிந்து, நான் தேத்தண்ணி போட எழுந்தபோது நீங்கள் திரையையே பார்த்துக்கொண்டு சொன்னீர்கள்: "பாத்தியா புள்ள, அவன் அவள ஒரு வார்த்த குத்திக் காட்டல. வந்தான், சோறு கேட்டான், சாப்புட்டான். அவ மேல அவனுக்கு ஒண்ணுமே இல்ல." எனக்கு எரிச்சல் வந்தது. "குத்திக் காட்ட அவ என்னா செஞ்சா? போனது அவன்தானே?" என்று கேட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டேன். குத்திக் காட்டவில்லை என்றுதானே சொன்னீர்கள். அப்படியானால் அவள் செய்தது உங்களுக்குத் தெரிந்திருந்தது. மறந்திருக்கவில்லை. அவள் மேல் அவனுக்கு ஒன்றுமே இல்லை என்ற அந்த வார்த்தையை வைத்துக்கொண்டுதான் மூன்று மாதத்துக்குப் பிறகு இன்று முதல் தடவையாக வயிறாரச் சாப்பிட்டேன்.

சாயங்காலம் மகள் வந்தாள். படம் எப்படியிருந்தது என்று கேட்டாள். அவளை உட்கார வைத்து, "அப்பா சொல்லாமப் போவலடி" என்றேன். "எங்கிட்ட சொன்னாரு. நான்தான் போயிட்டு வாங்கன்னேன்."