எழுதாததை எழுதியதாகச் சொன்ன நிரல்

மார்ச் 4, செவ்வாய்

புது வட்டைக் கணினியோடு பேச வைக்கும் நிரலான கெர்னல் மாட்யூல் வேலை தொடங்கியது. மாமாவின் ஸ்கிரிப்டை ஓட்டினேன். மாட்யூலின் பெயரைக் கொடுத்தால் போதும். திற, மூடு, படி, எழுது என்று எல்லா ஃபங்ஷனும் காலிக் கூடுகளாக வந்து விழுகின்றன. நிரப்புவது நம் பாடு. அக்காவின் கணவர் என்பதற்காகச் சொல்லவில்லை, அவரைப் போல ஒரு குழுத் தலைவர் கிடைக்க மாட்டார். என்னை இந்த வேலைக்கு அழைத்து வந்தவரும் அவர்தான்.

மார்ச் 11

ஒரு மருத்துவப் பரிசோதனைக்கூடத்தில் மின்சாரம் போய் வந்திருக்கிறது. அன்று பதிந்த முடிவுகள் எதுவும் வட்டில் இல்லை. அங்கே ஓடுவது எங்கள் குழுவின் பழைய மாட்யூல். எழுதியவர் வாயில்லாப்பூச்சி. அலுவலகத்தில் அவருக்கு அதுதான் பெயர். மேலாளர் அறையிலிருந்து வந்தவர் தண்ணீர் டம்ளரைப் பிடித்துக்கொண்டு குடிக்காமலே நின்றார்.

மார்ச் 12

ரத்தம் மறுபடி எடுத்துக்கொள்ளலாமாம். ஒரு பெண்மணிக்கு மார்பிலிருந்து சதை எடுத்திருந்தார்கள். அந்த முடிவும் போயிற்று, மாதிரியும் மிச்சமில்லை. மறுபடி ஊசி.

மார்ச் 13

கண்டுபிடித்துவிட்டேன். கண்டுபிடிக்காமலே இருந்திருக்கலாம்.

நினைவகத்தில் நிற்பதை வட்டில் இறக்கு என்று கட்டளை வந்தால் ஓட வேண்டிய ஃபங்ஷன் – அதை வாயில்லாப்பூச்சி நிரப்பவே இல்லை. தப்புதான். ஆனால் காலியாகக் கிடப்பது ஏன் ‘வேலை முடிந்தது’ என்று பதில் சொல்கிறது? ஸ்கிரிப்டே அப்படித்தான் எழுதி வைக்கிறது. சோதனைகள் எல்லாம் பாஸ். மின்சாரம் போகும்வரை யாருக்குத் தெரியும்?

மார்ச் 14

மாடிப்படியில் மாமாவைப் பிடித்தேன்.

“மாமா, காலியா இருந்தா ‘எனக்கு இது தெரியாது’ன்னுதானே சொல்லணும்?”

“கூடு குடுக்கறதோட என் வேலை முடிஞ்சுது. நிரப்பறது அவன் பொறுப்பு.”

“அவரை வேலைய விட்டே அனுப்பப் போறாங்க.”

“எனக்கும் புள்ளைங்க இருக்கு. உனக்குத் தெரியாததா?”

தோளைத் தட்டிவிட்டு இறங்கிப் போனார்.

மார்ச் 15

அக்கா போன். “அவர் சரியாவே சாப்பிடலை. ஆபீஸ்ல என்னடி நடக்குது?”

“ஒண்ணுமில்லக்கா.”

சொல்லியிருக்கணுமோ? எந்த வாயால சொல்றது?

மார்ச் 17

சொல்லிவிட்டேன். விசாரணைக் கூட்டத்தில், எல்லார் முன்னாலும். ஸ்கிரிப்டில் ‘வேலை முடிந்தது’ என்று எழுதி வைக்கும் அந்த ஒரு வரியைத் திரையில் காட்டினேன். மாமா என்னைப் பார்க்கவே இல்லை. மறுத்துப் பேசுவார் என்று நினைத்தேன். எழுந்தார்.

“இதே ஸ்கிரிப்ட்ல வந்த மாட்யூல் இன்னும் பல இடத்துல ஓடுது. முதல்ல அதையெல்லாம் பாருங்க. அப்புறம் என்னைக் கேளுங்க.”

அன்று மாலையே தேடத் தொடங்கினோம்.

மார்ச் 18

இன்னும் மூன்று மாட்யூல்களில் அதே காலி. நல்லவேளை, அங்கெல்லாம் மின்சாரம் போகவில்லை.

மார்ச் 24

தலைமைப் பொறுப்பிலிருந்து மாமாவை எடுத்துவிட்டார்கள். வாயில்லாப்பூச்சிக்கு எச்சரிக்கையோடு சரி. என் மேசைக்கு வந்து நின்றார். “சாப்ட்டீங்களா?” என்றார். காலை பத்து மணிக்கு! அவருக்கு வந்த வார்த்தை அதுதான்.

ஏப்ரல் 2

அக்கா போனை எடுப்பதில்லை.

ஏப்ரல் 13, ஞாயிறு

மனசு கேட்கவில்லை. அக்கா வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தது மாமா. அக்கா அடுக்களையை விட்டு வரவில்லை.

மாமா மடிக்கணினியை என் பக்கம் திருப்பினார். ஸ்கிரிப்டைத் திருத்தியிருக்கிறார். நிரப்பாத ஃபங்ஷன் எதுவாக இருந்தாலும் இனி பிழை என்றே பதில் சொல்லும். “எங்கயாவது விட்டுட்டேனா பாரு.”

வரிவரியாகப் படித்தேன். ஓரிடத்தில் விட்டிருந்தார். விரலை வைத்துக் காட்டினேன். உடனே திருத்தினார்.

அடுக்களையிலிருந்து அக்காவின் குரல்: “அவளுக்கும் சேர்த்துத் தட்டு வைக்கவா?”

கேட்டது அவரிடம்தான்.