என்னுள் ஓடும் ரத்தம்

ஏப்ரல் 6, ஞாயிறு

சங்கத்தின் ரத்தக்கொடைப் பதிவேடு இன்று என் கைக்கு வந்தது. ராஜபாளையத்தில் இந்தச் சேவைச் சங்கத்தில் சேர்ந்து ஒரு வருடம்; இனி நான்தான் செயலாளர். கூட்டம் தொடங்கும்போது தலைவர் பொன்னுராஜ் அண்ணன் எல்லோரையும் எழுப்பி உறுதிமொழி வாசிக்கச் சொல்வார். அதில் ஒரு வரி எனக்குப் புரிவதே இல்லை: 'கொடுத்தவர் யாரென்று பெற்றவருக்குத் தெரியக் கூடாது.' ஏன்? நன்றி சொல்வது தப்பா?

ஏப்ரல் 9

மூன்று வருடத்துக்கு முன் மகள் பிறந்தபோது எனக்கு ரத்தம் ஏற்றினார்கள். ஓ நெகட்டிவ். இந்தச் சங்கம்தான் ஆள் அனுப்பியது. அந்த ஆளின் பெயர் இப்போது என் மேஜை டிராயரில் இருக்கிறது.

ஏப்ரல் 10

பார்க்கவில்லை.

ஏப்ரல் 13

பார்த்துவிட்டேன். சோலைச்சாமி, ஸ்ரீவில்லிபுத்தூர். பதினோரு தடவை கொடுத்திருக்கிறார்! எப்படி இருப்பார்? பெரிய மீசை இருக்குமோ? பிரசவத்துக்குப் பிறகு எனக்குக் காரம் பிடித்துப்போனது அவரால்தானோ? சிரிப்பு வருகிறது, ஆனாலும் நிஜமாகவே யோசிக்கிறேன்.

மே 11

ஒரு பை சப்பட்டை மாம்பழத்தோடு அவர் வீட்டுக்குப் போனேன். பால்கோவாக் கடையில் பால் கிண்டுகிறவராம். ஒல்லி. மீசையே இல்லை. வாசலிலேயே கும்பிட்டு, "மூணு வருசத்துக்கு முந்தி நீங்க குடுத்த ரத்தத்துலதான் அண்ணே நான் உசிரோட இருக்கேன்" என்றேன். பேயறைந்த மாதிரி நின்றார். உள்ளேயிருந்து மனைவி மாரிச்செல்வி வந்தார்.

"அப்ப அம்புட்டும் பொய்யா? அஞ்சு வருசத்துக்கு முந்தி, ரத்தம் குடுத்து மயங்கி விழுந்த அன்னைக்கு, இனி ரத்தமே குடுக்க மாட்டேன்னு எந்தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணீகள்ல?"

பழத்தை வாங்கிக்கொள்ளவில்லை. பஸ்ஸில் பையை மடியில் வைத்துக்கொண்டு திரும்பினேன். எதற்குப் போனேன் — நன்றி சொல்லவா, ஆளைப் பார்க்கவா? பார்க்கத்தான்.

மே 13

சோலைச்சாமி அண்ணன் போன் செய்தார். கோபமே இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

"எம் பேரை அடிச்சிருங்க தங்கச்சி. ரெண்டு நாளா அவ எங்கூடப் பேச மாட்டேங்கா."

பட்டியலில் ஓ நெகட்டிவ் அவர் ஒருவர்தான். அடித்தேன்.

ஜூன் 1, ஞாயிறு

கூட்டத்தில் எழுந்து எல்லாவற்றையும் சொன்னேன். பொன்னுராஜ் அண்ணன் திட்டவில்லை, பதிவேட்டை மட்டும் திருப்பி வாங்கிக்கொண்டார். "இனி ஓ நெகட்டிவ் வேணும்னு கேட்டா யாரை அனுப்ப, வெங்கடேஸ்வரி?" என்றார்.

ஓ நெகட்டிவ்காரி நான் இருக்கிறேனே! எனக்கே ரத்தம் ஏற்றியிருக்கிறார்கள் என்று சாக்குச் சொல்லி, இத்தனை நாள் என் பெயரை எழுதாமலே இருந்திருக்கிறேன். ஊசி என்றால் பயம். வேறென்ன?

ஜூன் 4

டாக்டர் பரிசோதித்தார். தாராளமாகக் கொடுக்கலாமாம். பெயரை எழுதச் சொல்லிவிட்டேன்.

ஜூன் 19

காலையில் சங்கத்திலிருந்து போன். ஸ்ரீவில்லிபுத்தூரில் பிரசவத்துக்கு வந்த கான்சாபுரத்துப் பெண்ணுக்கு அவசரம். போனேன். ஊசி ஏறும்போது கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன், அவ்வளவுதான்.

ஜூஸ் குடித்துவிட்டு வெளியே வந்தால், அந்தப் பெண்ணின் கணவர் வராந்தாவில் அலைந்துகொண்டிருக்கிறார்.

"அக்கா, ரத்தம் குடுத்தவியளப் பாத்தீகளா? அவிய கால்ல விழணும்."

சேலைத் தலைப்பை இழுத்து முழங்கைப் பஞ்சை மறைத்துக்கொண்டேன்.

"அவிய அப்பமே போயிட்டாகளே."

சந்தோஷமாக இருந்தது. யாரிடமாவது சொல்ல வேண்டும் போலவும் இருந்தது. இங்கே எழுதிவிட்டேன், போதும்.