உறையில் ஒரு சாவி

புனே, 14.8.2015

அன்புள்ள அம்மாவுக்கு அரசி வணங்கி எழுதுவது. நான் நலம். அப்பாவின் முழங்கால் வலி குறைந்ததா? இன்னமும் ஷிப்டுக்கு சைக்கிளில்தான் போகிறாரா?

போன வாரம் இங்கே ஒரு கூத்து. எங்கள் கம்பெனியின் பொதுக் கணினியான சர்வரில் யார் வேண்டுமானாலும் கைவைக்கும்படி சில ஃபோல்டர்கள் திறந்து கிடந்தன. பூட்டச் சொன்னார்கள், பூட்டினேன். மறுநாள் காலையில் தொழிற்சாலையில் ஒரு லாரிக்கும் கேட் பாஸ் அச்சாகவில்லை. கேட் பாஸ் அச்சிட அந்த ஃபோல்டர்களில் ராப்பகலாக வேலை செய்யும் மென்பொருளுக்கே அனுமதி கொடுக்க மறந்திருக்கிறேன்!

உன் குரல்தான் காதில் கேட்டது: "சாவிய பக்கத்து வூட்டு மஹ்பூபாகிட்ட குடுத்துட்டுப் போடி. ஷிப்டு முடிஞ்சி வர்ற மனுஷன் தெருவுலயே நின்னுகினு இருப்பாரா?"

அனுமதி கொடுத்ததும் பத்து நிமிடத்தில் எல்லாம் ஓடியது. யாரும் திட்டவில்லை. மற்ற சர்வர்களையும் என்னையே பார்க்கச் சொல்லிவிட்டார்கள்.

கொஞ்சம் முந்திரியும் உன் பழைய புடவை ஒன்றும் அனுப்பு. இங்கே வாங்கிய போர்வை குத்துகிறது.

ஆபீஸ் வண்டி வந்துவிட்டது. உறையில் இருப்பது என் அறையின் இன்னொரு சாவி. இங்கே பக்கத்து வீட்டில் யாரையும் எனக்குத் தெரியாது. நீயும் அப்பாவும் என்னைப் பார்க்க வரும்போது நான் வேலையில் இருந்தால், வெளியே நிற்காமல் திறந்து உள்ளே போங்கள்.

உன் அரசி