கழிவு இல்லாத இருநூறு ரூபாய்

14 பிப்ரவரி 1962

எட்டாம் வகுப்பு முடிய இன்னும் இரண்டே மாதம். ஒன்பதாம் வகுப்பென்றால் பையன்களோடு சேர்ந்து படிக்கும் பள்ளிதான். அத்தா அனுப்ப மாட்டார். பெண்களுக்குத் தனி உயர்நிலைப்பள்ளி கேட்டு, மீனாட்சியம்மாளின் மாதர் சங்கம் மெட்ராஸுக்கு மனு கொண்டுபோகிறது. இன்று அத்தாவின் பருத்திக் கடைக்கு நன்கொடை கேட்டு வந்தார்களாம். யோசித்துச் சொல்கிறேன் என்று அத்தா அனுப்பிவிட்டாராம்.

பயமாக இருக்கிறது. எல்லோரும் தூங்கிய பிறகு எழுதுகிறேன்.

17 பிப்ரவரி

நோன்பு திறந்ததும் கணக்கப்பிள்ளை சங்கரபாண்டியன் வந்தார். கதவோரம் நின்று கேட்டேன்.

"மொதலாளி, திருநெல்வேலி ஆஸ்பத்திரிக் கட்டடத்துக்கு இருநூறு கொடுங்க. வருமான வரியில கழிவு உண்டு. இந்தச் சங்கம் சர்க்கார்ட்ட அதைச் செய், இதைச் செய்யின்னு நிக்குத சங்கம். அதுக்குக் கழிவு கெடையாது."

"ரெண்டுக்கும் கொடுக்க இந்த வருசம் யாவாரம் எங்கன இருக்கு?" என்றார் அத்தா.

ஆஸ்பத்திரியும் நல்ல காரியம்தானே? ஆனாலும் எனக்குப் பள்ளிக்கூடம்தான் வேண்டும். நான் கெட்டவளா?

18 பிப்ரவரி

தூக்கமில்லை.

21 பிப்ரவரி

கணக்கப்பிள்ளை ஒரு வழி கண்டுபிடித்தார். சங்கம் நடத்தும் தையல் வகுப்புக்குக் கழிவு உண்டாம். தையலுக்கென்று ரசீது எழுதிவிட்டு, மனுவுக்குச் செலவழித்துக்கொள்ளட்டும் என்று அத்தா கேட்டிருக்கிறார். மீனாட்சியம்மாள் ஒரே பேச்சாக மறுத்துவிட்டார்.

"பாய், தையலுக்குன்னு வாங்கினா ஊசிதான் வாங்குவேன். ரயிலேற மாட்டேன்."

அத்தா முகம் சிவந்து வந்தார். "கொடுக்க வந்தவன்ட்டயே ரோசமால்ல பேசுதா!"

போச்சு — எல்லாம் போச்சு. நான் என்ன செய்வேன்? அடுப்படியில அழுதேன். வெங்காயம்னு சொன்னேன்.

24 பிப்ரவரி

கஞ்சி ஊற்றும்போது அம்மா மெதுவாகச் சொன்னாள்: "நோன்பு மாசத்துல ஒரு கையால கொடுத்துட்டு, மறு கையால கழிவு வாங்கணுமாக்கும்?"

"ஏட்டி, யாவாரத்தப் பத்தி ஒனக்கென்ன தெரியும்?" அத்தா சிரித்துவிட்டார். பிறகு கஞ்சியைப் பார்த்துக்கொண்டே, "அந்தம்மா ஒரு ஊசிக்குக்கூடப் பொய் சொல்ல மாட்டேங்குதாவ" என்றார்.

2 மார்ச்

இருநூறும் சங்கத்துக்கு. மனுச்செலவு என்றே ரசீது. கணக்கப்பிள்ளை இரண்டு நாளாக அத்தாவோடு பேசவில்லை.

9 ஜூலை

இன்று அல்ஜிப்ரா. மனு பலித்துத் திறந்த புதுப் பள்ளியின் வாடகை அறையில் நாங்கள் பதினோரு பெண்கள், ஒருத்திக்கும் புரியவில்லை. வீட்டில் அத்தா நோட்டை வாங்கி, எக்ஸ் என்ற எழுத்தை நெடுநேரம் பார்த்தார்.

"இதோட மதிப்பு எவ்வளவுன்னு எப்படிட்டி தெரியும்?"

"நாளைக்கு டீச்சர்ட்ட கேட்டுட்டு வந்து சொல்லுதேன் அத்தா."