கரைத்த மெட்டி

உங்களுக்கு,

ஆய்வகத்தில் வெள்ளி உப்பு தீர்ந்துவிட்டது. புதியது வர மூன்று மாதமாகும் என்றார்கள். டாக்டர் உங்களுக்குச் சொன்ன கெடு நினைவுக்கு வந்தது. என் இடது கால் மெட்டியைக் கழற்றி அமிலத்தில் கரைத்தேன்.

அதிலிருந்து செய்த மருந்தை, உங்களுக்கு வந்த அதே வகைப் புற்றுநோய்ச் செல்கள் இருந்த தட்டில் விட்டேன். ஒரே நாளில் எல்லாம் செத்துவிட்டன. உடனே போன் செய்தேன். "வர்றப்ப அந்தப் பாட்டில எடுத்தாந்துடு. பொண்டாட்டி மெட்டியக் குடிச்சவன் ஊர்லயே நான் ஒருத்தன்தான்" என்று சிரித்தீர்கள்.

ஜெயங்கொண்டத்தில் நம் வீட்டுக்குப் போனபோது அத்தை என் காலைப் பார்த்துவிட்டார்கள். "அவன் இருக்கறப்பவே ஏண்டி கழட்டுன?"

குனிந்து பார்த்தேன். மெட்டி இருந்த இடத்தில், அதே அகலத்தில், கறுப்பாக ஒரு வளையம். வெள்ளிக் கரைசல் பட்ட தோல் வெயிலில் கறுக்கும். ஆனால் என் காலில் எதுவும் சிந்தவில்லை. எவ்வளவு தேய்த்தும் போகவில்லை.

இன்று, அதே மருந்தை விட்டிருந்த பக்கத்துத் தட்டைப் பார்த்தேன். அதில் இருந்தவை நோயில்லாத செல்கள். அவையும் ஒன்று விடாமல் செத்திருந்தன.

சனிக்கிழமை ஆஸ்பத்திரிக்கு வருகிறேன். பாட்டிலைக் கேட்காதீர்கள்.

வளையத்தை இனித் தேய்க்க மாட்டேன். அது இருக்கட்டும்.

ஒரு கால் மெட்டியோடு,
உங்கள் மனைவி